மரம் மட்டும் தெளிவாக விழுந்த படங்கள்

உங்கள் முகம் படத்தில் தெளிவாக விழுந்ததே உங்கள் உயிருக்கு உலை வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? மாட்டீர்கள். சிடாம் கிரி ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சுங்கைப்பட்டாணியில் கேமரா பழுது பார்த்துப் பிழைத்த அழகேசனும் நம்பவில்லை. கண்ணாடியும் பித்தளையும் யாரையும் ஏமாற்றாது, மனிதன்தான் ஏமாற்றுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். அதன் முழுப் பொருள் அவனுக்கே பிற்பாடுதான் விளங்கியது.

கடைத்தெருவில் சீனர் ஒருவரின் ஸ்டூடியோ. அதன் பின்னறை ஜன்னலோரத்தில் அழகேசனின் மேசை. மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்த புதிதிலேயே ஸ்டூடியோ முதலாளியை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. சீனராகப் பிறந்ததே போதுமானதாக இருந்தது. அவர் திரும்பி வரவேயில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போக அழகேசனை மட்டும் விடவில்லை. வெள்ளைக்கார துரைமார் போட்டுவிட்டு ஓடிய பங்களாக்களிலிருந்து அள்ளி வந்த கேமராக்களைச் சரிசெய்ய ஆள் வேண்டியிருந்தது.

அதில் ஒரு ஜெர்மன் கேமரா, ஜப்பானியக் கேப்டன் ஒருவருடையது. அதாவது, கொள்ளையில் அவர் பங்குக்கு வந்தது. அதன் சிறு துளை வழியே பார்த்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றோடொன்று படியும். படிந்ததும் பொத்தானை அழுத்தினால் படம் தெளிவாக விழும். ஆனால் கண் பார்ப்பது ஒரு வழியாக, பிலிம் பார்ப்பது இன்னொரு வழியாக. இரண்டையும் கோத்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய நெம்புகோல். அது மயிரிழை பிசகினால், கண்ணுக்குச் சரியாகத் தெரிவது பிலிமில் கலங்கிப்போகும். அழகேசன் கேமராவின் முதுகைக் கழற்றி, பிலிம் ஓடும் இடத்தில் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பதித்து, ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பான். அடுத்து, கைக்கெட்டும் தூரத்துச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பான். தூரத்திலும் கிட்டத்திலும் துளை காட்டுவதும் கண்ணாடி காட்டுவதும் ஒத்துப்போகும் வரை எழுந்திருக்க மாட்டான்.

அரிசி கண்ணில் படாத காலம் அது. ரப்பரை வாங்க ஆளில்லை. லயங்களில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிய பிள்ளைகள். அந்த நேரத்தில் சிடாம் கிரியில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து ஆபீஸ் எழுத்தர் நடராஜா கிராணி அறிவித்தார்: படம் ஒட்டிய பாஸ் இருந்தால்தான் இனி அரிசி. கேப்டனின் கேமராவோடு அழகேசனும் வந்து நின்றான்.

ஒரு ஆம்பிளையும் முன்னுக்கு வரவில்லை. காரணம் இருந்தது. தோட்டத்தில் படக்காரன் வருவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, சுற்றிலும் சொந்தபந்தம் நிற்க ஒரு படம். உயிரோடு இருப்பவனைத் தனியாகப் படம் பிடித்தால் ஆயுசு குறைந்துபோகும் என்பது லயத்து நம்பிக்கை.

"எங்கப்பன் செத்தப்பதான் படம் எடுத்தோம்," என்றான் பால்வெட்டும் அம்மாசி. "நாங்க இன்னும் நடமாடிக்கிட்டுதானே இருக்கோம். என்னா அவசரம் ஒங்களுக்கு?"

களமே சிரித்தது.

"அம்மாசி அண்ணே, இது கண்ணாடியும் இரும்பும்தான்லா. ஆயுச உறிஞ்ச இதுக்கு வாய் எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்," என்றான் அழகேசன்.

"முன்னால தொறந்துகிட்டு இருக்கே, அது என்னவாம்?"

அழகேசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் அக்காள் ராக்காயி சிரிக்கவில்லை. "தம்பி, வேணாம்டா. ஒன் மச்சான விட்டுரு," என்றாள்.

"நீயும் ஆரம்பிக்காதக்கா. மச்சான், நீங்க மொதல்ல வந்து நில்லுங்க. மத்தவங்க தன்னால வருவாங்க."

ராக்காயியின் புருஷன் பிச்சை விரலால் தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றான். "நல்லா எடு மாப்ள. அரிசி அளக்கிறவன் மொகத்தப் பாத்து ஒரு கை கூடப் போடணும்."

பிச்சை நின்றதும் மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள். அன்று ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிட்டோம் என்று அழகேசன் உண்மையாகவே மகிழ்ந்தான். படங்கள் ஊசிமுனை போல விழுந்திருந்தன. ஒரு பிரதி பாஸில் ஒட்டப்பட்டது. இன்னொரு பிரதி எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் அரிசி வந்தது. பிறகு லோரிகள் வந்தன. சயாமில் ரயில் ரோடு போடும் வேலை, நல்ல சாப்பாடு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார் கிராணி. யார் யார் போக வேண்டும் என்று பெயர் கொடுத்தவரும் அவரே. முதல் லோரிகளில் போனவர்களில் ஒருவரும் திரும்பாததைப் பார்த்திருந்த பிச்சையும் அம்மாசியும் இன்னும் சிலரும் ஓடிப்போய், இன்னொரு தோட்டமான சுங்கை லாலாங்கின் லயங்களில் ஒளிந்தார்கள். சிப்பாய்கள் அந்த இரண்டாவது பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வந்தார்கள். எல்லாரையும் வெயிலில் நிறுத்தி, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒவ்வொருவராக இழுத்தார்கள்.

ராக்காயி நடந்தே சுங்கைப்பட்டாணிக்கு வந்து அழகேசனின் மேசை முன்னால் நின்றாள்.

"ரொம்பத் தெளிவா எடுத்திருக்கடா தம்பி. ஒன் மச்சான் கன்னத்து அம்மத் தழும்பு கூட விழுந்திருக்கு. அத வெச்சுத்தான் புடிச்சானுங்களாம்."

அவன் எழுந்தான். "அக்கா..." என்றான். அவள் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

லயத்து நம்பிக்கை பலித்துவிட்டது என்றுதான் தோட்டமே பேசியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேமராவைச் சபித்த அதே வாய்கள், பெயர் கொடுத்த கிராணிக்குத் தினமும் காலையில் வணக்கம் சொல்லின. பெட்டிமேல் பழிபோட்டால் ஆபத்தில்லை, பெட்டி திருப்பி அடிக்காது. மூடநம்பிக்கை மக்களைப் பயமுறுத்துவதோடு நிற்பதில்லை. உண்மையான கொலைகாரனுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கிறது.

அந்த வாரமே கேப்டன் கேமராவை மீண்டும் கொண்டுவந்தார். கீழே விழுந்து, உருவம் இரண்டும் சேர மறுத்தது. கூடவே நடராஜா கிராணி.

"அடுத்தது சுங்கை லாலாங். கேப்டனே எடுக்கப் போறாரு. நீ வந்து ஆளுங்கள நிக்க வெச்சாப் போதும்," என்றார்.

"பாஸுக்குத்தானே, கிராணியாரே?"

"அரிசிக்குன்னு சொல்லுலா. நீ சொன்னா நம்புறானுங்க."

பழுதைச் சரிசெய்யாமல் விட்டால் அலோர் ஸ்டாரிலிருந்து வேறொரு கேமரா வரும். எனவே சரியானது போலத் தெரிய வேண்டும், சரியாக இருக்கக் கூடாது. அழகேசன் தண்ணீர்த் தொட்டிக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்தான். பிறகு ஆள் நிற்கும் தூரத்தில் மட்டும் பிசகும்படி நெம்புகோலை வளைத்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேமராவைத் தெரிந்தே கெடுத்தான். அதைச் செய்ய அவனுக்கு, நேராக்குவதைவிட அதிகப் பொறுமை தேவைப்பட்டது. கேப்டன் ஜன்னல் வழியே தொட்டியைப் பார்த்தார். உருவம் இரண்டும் அழகாகப் படிந்தன. "பாகூஸ்!" என்று மலாயில் பாராட்டி முதுகில் தட்டினார்.

சுங்கை லாலாங்கில் ரப்பர் மர நிழல். வெளிச்சம் போதாமல் லென்ஸை முழுக்கத் திறந்தாக வேண்டும். அப்படித் திறந்தால் சின்னப் பிசகும் தப்பாமல் தெரியும். அழகேசன் ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து நிறுத்தினான். நிறுத்தும்போதே காதோரம் சொன்னான்: "படம் வெளங்காதுண்ணே. லோரி வர்றதுக்குள்ள கெளம்பிருங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க."

அழகேசனே பிலிமைக் கழுவிப் படம் போட்டான். முகங்கள் எல்லாம் புகை மாதிரி. பிலிம் பழசு, சூட்டில் கெட்டுவிட்டது என்றான். கேப்டன் முட்டாள் அல்ல. படத்தை ஜன்னலருகே பிடித்து, ஆளுக்குப் பின்னால் இருந்த மரத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். பால் வெட்டிய கோடு, மரத்தில் கட்டிய கோப்பை, கோப்பை விளிம்பில் உறைந்த பால், எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. கெட்ட பிலிம் மரத்தை மட்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

"பகேரோ!" என்று ஜப்பானிய மொழியில் திட்டிவிட்டு, கிராணியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மரத்துக்கா பாஸ் குடுக்கப் போறோம்னு கேக்குறாரு," என்றார் கிராணி.

மேசைமேல் கையை விரித்து வைக்கச் சொல்லி, துப்பாக்கிக் கட்டையால் விரல்களை நசுக்கினார்கள். அடுத்த ரயிலில் அழகேசனும் சயாமுக்கு ஏற்றப்பட்டான்.

வேறு கேமரா சுங்கை லாலாங்குக்கு வந்து சேர்ந்தபோது பாதி லயம் காலி. பண்டார் பாரு வரை போய் ஆற்றைக் கடந்து பேராக் பக்கம் ஒளிந்தவர்கள் உண்டு. அவர்களைத் தேடப் படத்தில் முகம் இல்லை. எல்லாரும் தப்பவில்லை, வழியில் மாட்டியவர்களும் உண்டு. துணி சுற்றிய கையோடு அழகேசன் மண் சுமந்ததைப் பார்த்ததாக, முகாமிலிருந்து மீண்ட ஒருவர் சொன்னார். அதன்பிறகு அங்கே காலரா. அவனும் வரவில்லை, பிச்சையும் வரவில்லை, அம்மாசியும் வரவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். நடராஜா கிராணி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராக்காயி ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

"எல்லாம் தலைவிதிம்மா. நம்ம கையில என்னா இருக்கு?" என்றார் அவர்.

"பேரு குடுத்தது விதியா, கிராணியாரே? நீங்கதானே குடுத்தீங்க?"

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருக்கலாம். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். போனவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். அவரை லோரியில் ஏற்றக் கைகாட்டியவன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். விதி என்று எழுதாதீர்கள்.