புஸ்பமும் நானும் பார்க்கப் போன பழைய கூடைப்பந்து மைதானம்

ரொறன்ரோக் கூடைப்பந்து அணி இன்று விளையாடும் அரங்கு எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறுகளில் அணி தொடங்கியபோது விளையாடிய இடம் பலருக்குத் தெரியாது. கூரை திறந்து மூடும் அந்தப் பேஸ்போல் மைதானத்தைப் பார்க்க, கடந்த சனிக்கிழமை புறப்பட்டோம். எப்போதோ போயிருக்க வேண்டிய பயணம்.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் புஸ்பமும் நானும் அங்கே மேல்தட்டில் பொப்கோர்ன் விற்றவர்கள். மைதானத்தின் ஒரு பக்கத்தில் பலகைத் தளம் போட்டு, மிச்சத்தைப் பெரிய திரையால் மறைத்திருப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் ஆட்டக்காரர் எறும்புகள்தான். என்றாலும் எங்கள் அணியின் இடக்கைக் குள்ளனை உடனே தெரியும். மூன்றாவது பருவத்திலேயே அவன் வேறு அணிக்குப் போய்விட்டான். பிறகு, அணி புது அரங்குக்கு மாறிய காலத்தில், எதிரணிச் சட்டையோடு வந்தான். சனம் கூக்காட்டியது, நானும் கூக்காட்டினேன். பக்கத்தில் நின்ற புஸ்பம் கை தட்டினாள். அன்றோடு அவளுடன் பேச்சை விட்டேன். நான் லேசில் மறப்பவள் அல்ல.

கோடைதோறும் தொலைபேசி எடுப்பாள். "அக்கா, பழைய மைதானத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம்." எங்கள் வழக்கத்தில் கோபக்காரரை வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் அது அழைப்பா? "வீட்டை வந்து கேள்" என்று வைத்துவிடுவேன்.

போன கிழமை வந்தாள். அவளின் மகள் கைபிடித்துக் கூட்டி வந்தாள்.

"வாசலுக்கு வந்திட்டன் அக்கா. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறியள்?"

முகம் எனக்கு நேரே இல்லை. என் குரல் வந்த பக்கம் தேடித் திரும்பியது. சர்க்கரை வியாதியில் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம்.

"ஏனடி சொல்லேல்லை?"

"சொன்னால் இரக்கத்திலை வருவியள். எனக்கு உது வேண்டாம்."

நான் இருக்கும் டோர்செட் பார்க்கில் இருந்து கெனடி நிலையத்துக்கு பஸ். அங்கிருந்து சுரங்க ரயில். ஒருமுறை மாறி யூனியன் நிலையத்தில் இறங்க வேண்டும். எங்களுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. முதியோருக்கு இரண்டேகால் டொலர். யூனியனில் இருந்து மூடிய நடைபாதை இருக்கிறது, மழைக்கும் பயமில்லை. பத்து நிமிடத் தூரத்துக்கு நாங்கள் அரை மணி நேரம் நடந்தோம்.

மைதானத்துக்கு வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்தோம்.

"சுவரிலை அந்தப் பொன் சிலையள் இருக்கே அக்கா?"

"இருக்கு. இப்பவும் வாயைப் பிளந்து கத்திக்கொண்டுதான் நிக்குதுகள்."

"உங்களைப் போலை."

பிறகு கேட்டாள்: "சிக்காகோவை வெண்ட ஆட்டத்தைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

முதல் வருடத்து ஆட்டம் அது. அந்த வருடம் சிக்காகோவை வெல்வது ஆகாத காரியம் என்றார்கள். குள்ளனை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொன்னேன். உயரமானவர்களின் கக்கத்துக்குள்ளால் அவன் நுழைந்ததை, தூரத்தில் நின்று எறிந்ததை, மேல்தட்டில் நாங்கள் பெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்ததை. கடைசியில் சிக்காகோக்காரர் எறிந்த பந்து விழுந்தது, ஆனால் நேரம் முடிந்த பிறகு. ஒரு புள்ளியால் வென்றோம்.

புஸ்பம் மடியில் வைத்து மெதுவாகக் கை தட்டினாள். "இவ்வளவு வடிவா அவனை மனசிலை வச்சிருந்துகொண்டோ கூக்காட்டினனீங்கள்?"



போக நினைப்பவர்களுக்கு: வெளியே சுற்றிப் பார்க்கக் காசில்லை. பேஸ்போல் ஆட்டமுள்ள நாளில் போகாதீர்கள், நெரிசல். கட்டிடம் எங்கும் ஓடிவிடாது. கூட வருகிறவரின் கண் காத்திருக்காது. அதைப் பார்த்து நாள் குறியுங்கள்.