லோடு சவரி போட்ட கமெண்ட்

சவரியப்பன் அண்ணனை நான் முதலில் நேரில் பார்த்தது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். அதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை நடந்த இடம் 'நாளைக்கு என்ன' என்ற டெலிகிராம் குழு. தொழில்நுட்பச் செய்திகளைத் தமிழில் போடுவார்கள், கீழே ஆளாளுக்குக் கருத்துச் சொல்வோம். பதினோராயிரம் பேர் இருந்தோம். நான் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டிருப்பேன். எங்கள் தெருவில் நடவுக்கும் அறுப்புக்கும் போகாமல் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அப்பா அதை மன்னார்குடிக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார். அப்படி வந்த இரண்டு எழுத்தை நான் எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

அன்றைக்கு, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காரைப் பற்றி ஒரு செய்தி. தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சென்சார், ரேடார் என்று மூன்று பத்தி எழுதித் தள்ளினேன். நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள். கூட்ஸ் வண்டியின் எஞ்சின் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். அப்போது 'லோடு சவரி' என்ற பெயரில் எனக்கு ஒரு பதில் வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். ஓட்டுற ஆளே இல்லாத வண்டி நீடாமங்கலம் கேட்டுல வந்து நின்னா, இறங்கிப் போயி டீ குடிக்கிறது யாரு?"

கூடவே ஒரு போட்டோ. மூடிய கேட், அதற்கு முன்னால் ஒரு பஸ்ஸின் முதுகு, ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஒரு கை. அந்தக் கை என்னுடையது.

இறங்கிப் பின்னால் போனேன். உர மூட்டை ஏற்றிய ஒரு சின்ன லோடு வண்டி நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஸ்டீயரிங் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"லோடு சவரி நீங்கதானா?"

"ஆமா. தம்பி யாரு?"

"அந்த ரேடார் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாப்பா ரேடார். டீ சாப்பிடுறியா?"

சவரியப்பன் அண்ணன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவர். பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறி, முப்பத்தைந்தில் சொந்தமாக லோடு வண்டி வாங்கினார். உரம், நெல், கோயில் திருவிழாவுக்கு நாற்காலி, மாதா தேருக்கு ஜெனரேட்டர், எது கிடைத்தாலும் ஏற்றுவார். கேட் போட்டால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். அவருக்கு அது செய்தி படிக்கும் நேரம். புரியாத செய்தி என்றால் எனக்கு போன் அடித்துக் கேட்பார். புரிகிற வரைக்கும் விடமாட்டார். புரிந்த பிறகுதான் கிண்டல் வரும்.

நாம் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம் வந்தபோது குழுவே கொண்டாடியது. அண்ணன் எழுதினார்: "எங்க மருதையன் ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை தூக்குறான். அவன் கையில இதைக் கட்டுனா 'போதும்யா, உட்காரு'ன்னு சொல்லுமா? சொல்லும்னா நானே வாங்கிக் கட்டிவிடறேன்." அதற்கு நானூறு பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். சிலர் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். அதுதான் அவருக்கு வேண்டியது.

போன தை மாதம் அந்தக் கிண்டலே அவர் காலை வாரியது.

நனைந்த போனை அரிசிக்குள் போட்டு வைக்காதீர்கள், அது உதவாது என்று ஒரு போன் கம்பெனி அறிவுரை சொன்ன செய்தியை யாரோ மறுபடி எடுத்துப் போட்டிருந்தார்கள். சம்பா அறுவடை நேரம். ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், ஊர் முழுக்க அந்தப் பதினேழைப் பற்றித்தான் பேச்சு. அண்ணன் எழுதினார்: "அரிசி வேலைக்காவாது. நெல்லுல போடணும். மூட்டைக்குள்ள வச்சுக் காலையில எடுத்துப் பாருங்க, ஈரம் பதினேழுக்கு இறங்கியிருக்கும். கொள்முதல்லயே போனை எடுத்துக்குவாங்க."

அதற்குக் கீழே நானும் ஒன்று எழுதினேன். "உமியில் சிலிக்கா இருக்கிறது. புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கிறார்களே ஒரு சின்னப் பொட்டலம், அதுவும் சிலிக்காதான். ஆகவே அறிவியல்படி சரியே." பக்கத்தில் பி.இ. விளையாட்டாகத்தான் எழுதினேன். ஆனால் விளையாட்டு என்று எங்கேயும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அம்சம் என்ற அக்கா, அண்டை வீட்டுக்காரரின் போனிலிருந்து குழுவில் குரல் பதிவாகப் பேசிப் போட்டார். ஒன்றரை ஏக்கர் குத்தகைச் சாகுபடி செய்கிறவர். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்தான் அவரைக் குழுவில் சேர்த்துவிட்டிருந்தான். போன் வாய்க்காலில் விழுந்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் தன் நெல்லுக்குக் காவல் இருந்தவர், வாய் தைக்காமல் நின்ற ஒரு மூட்டைக்குள் அதைச் செருகிவிட்டுப் படுத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் மூட்டையைத் தைத்து, எடை போட்டு, லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. சிம் சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் பெயரில். மாற்று சிம் வாங்க வழியில்லை. பேங்க், கேஸ், ரேஷன் எல்லாம் அந்த நம்பரில்.

"எவன்டா சொன்னது நெல்லுல போடச் சொல்லி?" என்று முடிந்தது அந்தப் பேச்சு.

அன்று சாயந்தரமே குழுவை நடத்தும் மதிவதனி அறிவிப்புப் போட்டார். கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்தில் வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவர். இனிமேல் கருத்து எழுத வேண்டுமானால் பட்டச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். மற்றவர்கள் வாசிக்கலாம். நான் படத்தை அனுப்பினேன், அஞ்சு நிமிஷத்தில் அனுமதி வந்தது. அண்ணன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அனுப்பினார். அவர் எழுதும் இடத்தை அடைத்துவிட்டார்கள்.

"என் கணக்குல எழுதுங்கண்ணே. பாஸ்வேர்டு தர்றேன்" என்றேன்.

"உன் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் பேசணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எழுதுனா என் பேர்லதான் எழுதுவேன். திரும்ப எழுதுவேன், பாரு. ஆனா மொதல்ல அந்த அக்கா போன்."

அம்சம் அக்கா மூட்டைக்குள் போனை வைத்த நாளில் அந்த நிலையத்திலிருந்து போனவை எண்ணூற்றுச் சொச்சம் மூட்டைகள். எல்லாம் திறந்தவெளிக் கிடங்கில் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்து நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போய் கூட்ஸ் வண்டியில் ஏறிவிட்டால் எந்த மாவட்டத்து அரைவை ஆலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஏற்ற மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் அண்ணன் தன் வண்டியை நிறுத்திவிட்டுக் கிடங்கிலேயே நின்றார். மூட்டைக்குள் குத்தி நெல் மாதிரி எடுப்பார்களே, அந்தக் குத்தூசியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்தார். அதனால் வேலை தாமதமாகும் என்று லோடுமேன்கள் முணுமுணுத்தபோது, குத்திப் பார்த்த மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக் கொண்டுபோய் லாரியில் போட்டார்.

"என்ன சவரி, இந்த வருஷம் போன் விளைஞ்சிருக்கா?" என்று லோடுமேன் மருதையன் கேட்டார்.

"விளைஞ்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. நல்லாத் தேடு."

"ஒரு கமெண்ட்டுக்கு நானூறு மூட்டை தூக்குறவன் நீ ஒருத்தன்தான்யா."

"நீ தினமும் தூக்குற. நான் மூணு நாள் தூக்கக் கூடாதா?"

மூன்றாம் நாள் மத்தியானம் குத்தூசி ஒரு மூட்டையில் டக்கென்று நின்றது. போன் செத்திருந்தது. சார்ஜ் போடும் ஓட்டை முழுக்க உமித் தூசு. சிம் பிழைத்துக்கொண்டது. அம்சம் அக்கா தன் பழைய பட்டன் போனில் அதைப் போட்டுப் பேசிப் பார்த்துவிட்டுத்தான் திட்ட ஆரம்பித்தார். அண்ணன் முழுக்கக் கேட்டார்.

கடைசியில், "அக்கா, அடுத்த வாரம் கும்பகோணத்துக்கு லோடு இருக்கு. அந்த மதிவதனி மேடத்தைப் பார்க்கப் போறேன். நடந்ததை நீங்க வந்து சொல்லணும். எனக்காக மாத்திச் சொல்ல வேணாம்" என்றார்.

"மாத்தி எதுக்குச் சொல்றேன்? உன்னைத் திட்டணும்னா இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருக்கு. வர்றேன்."

வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். வலங்கைமான் தாண்டியதும் அம்சம் அக்கா சொன்னார்: "உன் பேச்சை நான் நம்பவே இல்ல சவரி. நீ எப்பவும் கேலி பேசுற ஆளுன்னு தெரியும். அதுக்குக் கீழ ஒரு பி.இ. எழுதியிருந்துச்சு, சிலிக்காவோ என்னவோன்னு. படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னு வச்சேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டார். அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அது என் கமெண்ட் என்று குழுவில் பார்த்தவர்தானே. ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மதிவதனி எங்களைக் கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் போதாத முகம்.

"அண்ணா, உங்க மேல எனக்குக் கோபமில்ல. பதினோராயிரம் பேர் எழுதுறதை ஒருத்தியா உட்கார்ந்து பார்க்கிறேன். இன்னைக்கு போன் போச்சு. நாளைக்கு பேட்டரியைப் பத்தி ஒருத்தர் விளையாட்டா எழுதி யாருக்காவது கை போனா? எனக்கு ஒரு வடிகட்டி வேணும்."

"வேணும் மேடம். நான் எழுதுனது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார் அண்ணன். "ஆனா நான் படிக்காததால அது தப்பாப் போகல. கிண்டலைக் கிண்டல்னு சொல்லாம விட்டேன், அதான் தப்பு. நீங்க என் தப்பை விட்டுட்டு என் படிப்பைப் பிடிச்சுட்டீங்க."

"படிச்சவங்க கொஞ்சமாவது யோசிச்சு எழுதுவாங்க அண்ணா."

அப்போது என்னைக் கைகாட்டியிருந்தால் அண்ணன் அந்த நிமிஷமே ஜெயித்திருப்பார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு எழுதுற இடம் வேணும். கிடைக்கிற வரைக்கும் கும்பகோணம் லோடு வர்றப்பெல்லாம் இங்க வந்து நிப்பேன்" என்றார்.

நான்தான் பேசினேன். "மேடம், அந்த சிலிக்கா நான். அக்கா நம்பினது என்னை. உங்க விதிப்படி பார்த்தா நான் இன்னைக்கும் எழுதலாம், அண்ணன் எழுதக் கூடாது."

அம்சம் அக்கா பட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீயா அந்தப் பி.இ.? பக்கத்துலயே உட்கார்ந்து வந்தியே, வலங்கைமான்லேயே சொல்றதுக்கு என்ன?"

மதிவதனி போனை எடுத்துப் பழைய கமெண்ட்டுகளைத் தேடினார். என்னுடையதைப் படித்தார். அதற்குக் கீழே இன்னும் ஆறு பட்டதாரிகள் 'அருமையான விளக்கம்' என்று எழுதியிருந்தார்கள். அதையும் படித்தார்.

"நானும் இதுக்கு லைக் போட்டிருக்கேன்" என்றார்.

அம்சம் அக்காதான் முதலில் சிரித்தார். ஆனால் சிரிப்போடு விடவில்லை. "தண்டனை வேணும்மா. என் போன் செத்துப்போச்சுல்ல?" என்றார். அங்கேயே பேசி முடித்தோம். சான்றிதழ் விதி எடுக்கப்படும். விளையாட்டாக எழுதுகிறவர் முதல் வரியிலேயே 'சும்மா' என்று போட வேண்டும். ஒரு யோசனை சொல்கிறவர், தான் செய்து பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரு மாதம் எழுதத் தடை. நடந்தது முழுவதையும் மதிவதனி தன் பெயரில், தன் லைக்கையும் சேர்த்து எழுதிப் போட்டார்.

அந்த ஒரு மாதமும் அண்ணன் எல்லாச் செய்தியையும் படித்தார். எழுத நினைத்ததையெல்லாம் எனக்கு போன் அடித்துச் சொன்னார். முப்பத்தோராம் நாள் காலை ஆறு மணிக்கு, யாரோ போட்டிருந்த பறக்கும் கார் செய்திக்குக் கீழே அவர் கமெண்ட் வந்தது. "சும்மா: வானத்துல போனாலும் லோடு இறக்க ஆளு கீழதான் நிக்கணும்."

சவரியப்பன் அண்ணனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அதே லோடு வண்டிதான் ஓட்டுகிறார். 'நாளைக்கு என்ன' குழுவில் கருத்துகளைப் பார்த்து அனுமதிக்கும் மூன்று பேரில் மதிவதனிக்கு அடுத்தபடியாக அவர் இருக்கிறார். மூன்றாவது ஆள் அம்சம் அக்கா.