குழாய் வந்த மறுநாள்

எங்கள் தெருவில் சோப்பு நுரைத்து நான் பார்த்ததே இல்லை. முதலியார்பேட்டையில் மில் சங்கு கேட்கிற தூரத்தில், மில் வேலைக்காரர்களாகவே குடியிருந்த தெரு அது. வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது, கிணறு நிறையத் தண்ணீரும் இருந்தது. என்ன பிரயோசனம்? வாயில் வைத்தால் உவர்க்கும். பருப்பைப் போட்டால் பொழுதுக்கும் கொதிக்குமே தவிர வேகாது. வெந்நீர்த் தவலையின் உட்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகக் காரை கட்டியிருக்கும். அம்மா அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டுகிற சத்தத்தில்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடியும். வெள்ளை வேட்டியை நாலு தடவை துவைத்தால் காவி வேட்டியாகிவிடும். குடிக்க மட்டும் பெரிய ரோட்டுக் குழாய்க்குப் போய், சண்டை போட்டு, குடத்தில் பிடித்து வருவோம். சண்டைக்கு எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் அண்ணன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. அண்ணன் மில்லில் தறி ஓட்டினான். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனவன், சாமியைப் பார்த்தானோ இல்லையோ, லாஸ்பேட்டைப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்தான். அதில் ஒன்றும் தப்பில்லை. பெண் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கட்டிக்கொள்கிற முறைதான். அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்டார்கள். பெண்ணின் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாளாம்.

"புள்ள தங்கமான புள்ள. மில்லு வேலையும் இருக்குது. ஆனா அந்தத் தெருத் தண்ணிக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன். எம் பொண்ணு தலமுடி ஒரே மாசத்துல சடை புடிச்சிப் போயிடும்."

லாஸ்பேட்டைச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இளநீராக இருக்கும். அந்தத் திமிர் அவளுக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதில் பாதி, அவள் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம். என் தலைமுடியோடு தேங்காய் நாரைப் பக்கத்தில் வைத்தால் நார்தான் பட்டாகத் தெரியும். அண்ணன் மில் விட்டு வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீரையே முறைத்துக்கொண்டிருப்பான். வேறு இடம் பார்க்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, "எனக்குக் கல்யாணமே வாணாம்" என்று எழுந்து போய்விட்டான்.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் முனிசிபாலிட்டியை நாங்கள் மேரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மேரியிலிருந்து வந்த ஆட்கள் ஒருநாள் எங்கள் தெருவை நீளத்துக்குத் தோண்டிக் குழாய் புதைக்க ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு உயிர் வந்தது. மில்லிலிருந்து வந்த களைப்போடு, யாரும் கேட்காமலே மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தோண்டினான். "இவன் தோண்டுறதப் பாத்தா லாஸ்பேட்ட வரிக்கும் போயிடுவான் போலருக்குதே" என்று தெருவே கேலி செய்தது. குழாய் திறக்கிற நாள் தெரிந்ததும் அப்பா பெண்வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். குழாய் திறக்கிற நாளுக்கு மறுநாள் நல்ல நாளாயிருக்கிறது, அன்றைக்கே வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

குழாய் திறந்த அன்று தெருவில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. எல்லார் வீட்டிலும் பழைய சோறுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுச் சொல்தா, கோட்டில் மெடலெல்லாம் குத்திக்கொண்டு வந்து குழாய்க்கு சல்யூட் அடித்தார். அதன்பிறகு நாங்கள் அழுக்குத் துணியெல்லாம் கொண்டுவந்து போட்டோம். கிணற்றுத் தண்ணீரில் சோப்புக் கட்டி பாதி கரையும்வரை தேய்த்துப் பழகிய கைகள். அதே தேய்ப்பை இங்கேயும் தேய்த்தோம். நுரை பொங்கியது பாருங்கள்! துணி எங்கே, கை எங்கே என்று தெரியவில்லை. அலசினால் இன்னும் நுரைத்தது. வாய்க்கால் நிரம்பித் தெருவில் வழிந்து, அடுத்த தெருக்காரர்கள் என்ன ஏதென்று பார்க்க வந்துவிட்டார்கள். ஒரு கறுப்புக் கோழி அதற்குள் புகுந்து வெள்ளைக் கோழியாக வெளியே வந்தது. அம்மா வயதை மறந்து, கை நிறைய நுரையை அள்ளி என் முகத்தில் அப்பினாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சீயக்காய் தேய்த்துத் தலை முழுகினேன். சீப்பு எங்கும் சிக்காமல் நுனிவரை இறங்கியது. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சமையல் என் பொறுப்பு. குழாய்த் தண்ணீரில் நான் வைக்கும் முதல் உலை. பருப்பு போட்டுத் திரும்புவதற்குள் வெந்து குழைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல் என்று பம்பரமாகச் சுற்றினேன். நல்ல காரியத்துக்குச் சமைத்ததைச் சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. படைத்துவிட்டு நிமிரும்போதே வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது.

பெண்ணின் அப்பா, அம்மாவோடு சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இறங்கினார்கள். எங்கள் பக்கத்தில், வீடு பார்க்க வருகிற பெண்வீட்டார் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். இல்லையென்றால் "அப்புறம் சொல்லி அனுப்பறோம்" என்று வெற்றிலையோடு எழுந்துவிடுவார்கள். பெண்ணின் அம்மா வீட்டுக்குள்ளேயே வரவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனாள். கையால் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வந்ததும் அப்பா, "இல போட்டிருக்குது" என்றார். பெண்ணின் அப்பா தன் பெண்சாதி முகத்தைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தாள். எங்களுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

சாம்பாரைப் பிசைந்து முதல் வாய் வைத்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள். அடுத்த வாய்க்குக் கை போகவில்லை. மற்றவர்கள் கையும் நின்றது. சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்தால் அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது, மறுபேச்சே கிடையாது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஓடிப்போய்ச் சட்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். சப்பென்று இருந்தது. ரசமும் அப்படியே.

வேறு யாராவது மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணும் சமைக்கத் தெரியாம இல்லத்த! எங்க கெணத்துத் தண்ணியிலயே பாதி உப்பு இருக்கும். மிச்சத்துக்குத்தான் நான் போடுவேன். கொழாத் தண்ணியில இன்னைக்குத்தான் மொத தடவ சமைச்சேன். கை பழைய கணக்குலயே போட்டுடுச்சி. நான் என்னா பண்றது?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெண்ணின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இலை முன்னால் உட்கார்ந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கேட்டீங்களா?" என்று தன் புருஷனிடம் திரும்பினாள். "ஒரு வாய் குடிச்சதுல எனக்கு முழுசா நம்பிக்க வரல. இப்ப வந்துடுச்சி. தண்ணி நல்ல தண்ணியா இல்லன்னா இந்தச் சாம்பாரு இப்பிடியா இருக்கும்?"

என்னிடம் உப்பு ஜாடியைக் கேட்டு வாங்கினாள். இடது கையால் தன் இலை ஓரத்தில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஜாடியைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிட்டாள். பிசைந்து சாப்பிட்டாள். சோறு முழுதும் சாப்பிட்டாள். அதுவரைக்கும் அம்மாவை அவள் முறை சொல்லி அண்ணி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சம்பந்தி, இன்னும் கொஞ்சம் சோறு வையிங்க."

அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், நிலையில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.