கழற்றப்பட்ட வான்கோழி

மன்னாரில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு நோர்வேக்கு வந்த மரியரஞ்சனி ஒஸ்லோவில் கலை வரலாறு படித்தவர். அங்குள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் வழிகாட்டியாக இருக்கிறார். சென்ற இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. எல்லாம் முதல் உலகப்போருக்கு முன் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரங்கள். தூதுவர்களை நையாண்டி செய்பவை.

ஒரு படத்தில் இரண்டு தூதுவர்கள் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஏறி நின்றது குனிந்திருந்த ஒரு கறுப்பு மனிதனின் முதுகில். தூதுவர்களின் மீசை முடியைக்கூடக் கவனமாக வரைந்த ஓவியர், அவனுக்குத் தடித்த உதட்டையும் பல்லையும் மட்டும் போட்டு விட்டிருந்தார்.

"இதைப் பற்றி விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதலாமே" என்று மரியரஞ்சனி அருங்காட்சியக இயக்குநரான சிக்ரிட்டிடம் கேட்டார்.

"கேலிச்சித்திரம் என்றால் நோகத்தான் செய்யும். நாங்கள் எதையும் பூசி மெழுகுவதில்லை" என்றார் சிக்ரிட்.

திறப்பு விழாவன்று காலை ஒரு சுவர் வெறுமையாக இருந்தது. பதக்கம் குத்திய வான்கோழியாக ஒரு தூதுவரை வரைந்த படத்தைக் காணவில்லை. படத்திலிருந்தவரின் நாட்டுடைய இன்றைய தூதுவர் மாலை வரவிருந்தார். தூதரகத்திலிருந்து யாரோ தொலைபேசியில் பேசியிருந்தார்கள்.

"நோகத்தான் செய்யும் என்றீர்களே?" என்று சிக்ரிட்டிடம் கேட்டார் மரியரஞ்சனி.

"இது வேறு. அவர் எங்கள் விருந்தினர்."

"முதுகு கொடுத்தவனுக்குத் தூதரகம் இல்லை. அதுதானே வித்தியாசம்?"

மரியரஞ்சனி வெளியே வந்து கணவர் கிளெமென்றைத் தொலைபேசியில் அழைத்தார்.

"வேலையைக் கெடுத்துப்போடாதையும். வாயைப் பொத்திக்கொண்டு விளக்கத்தைச் சொல்லிப்போட்டு வாரும்" என்றார் அவர்.

"வாயைப் பொத்திக்கொண்டு எப்பிடியப்பா விளக்கம் சொல்லுறது?"

மாலையில் மரியரஞ்சனி விருந்தினர்களை முதலில் அந்த முதுகின் முன் நிறுத்தி, அந்த மனிதனுக்கு உதடும் பல்லும் மட்டும் வரைந்திருப்பதைச் சொன்னார். பிறகு வெற்றுச் சுவரைக் காட்டினார். "இங்கே ஒரு வான்கோழி இருந்தது. ஒரு தூதரகத்துக்குப் பிடிக்காததால் கழற்றிவிட்டார்கள்."

தூதுவர் முன்னால் வந்தார். அவருக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. "எங்களுடைய வான்கோழியா? மாட்டுங்கள், பார்ப்போம்" என்று சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் படம் சுவருக்குத் திரும்பியது.

"அதுதான் படம் வந்திட்டுதே, இன்னும் என்ன கோவம்?" என்று கேட்டார் கிளெமென்ற்.

"அவர் சிரிச்சபடியால் வந்தது. தூதுவரைப் பகிடி பண்ணத் தூதுவரிட்டையே அனுமதி வாங்கியிருக்கினம். முதுகு குடுத்த மனுசனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

அந்த ஒரு வரி வேண்டும் என்று மரியரஞ்சனி அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவிடம் முறையிட்டார். மாலை நேரத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள். திரும்பவும் முறையிட்டார். கண்காட்சி முடியும் வாரத்தில்தான் முதுகு கொடுத்த மனிதனைப் பற்றிய அந்த ஒரு வரி சுவரில் ஏறியது.

"இப்போது திருப்தியா?" என்று சிக்ரிட் கேட்டார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு மோர்டென்ஸ்ருட் ரயிலைப் பிடிக்கப் போனார் மரியரஞ்சனி.