பேனருக்கு வாசகம் வராமல் நான் பட்ட பாடு

பேனர் கடையில் வாசகம் எழுதுகிறவளுக்கு, முன்பின் தெரியாத யார் பிறந்தாலும் செத்தாலும் உடனே சிரிப்போ அழுகையோ வந்தாக வேண்டும். எனக்குக் கொஞ்ச நாளாக இரண்டுமே வரவில்லை.

எட்டாவதோடு நின்றவள் நான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தேன். பாப்பா பிறந்தபின் விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாய் நடத்தும் இந்தப் பேனர் கடையில் அவளைக் காலடியில் உட்காரவைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். இந்த நாற்காலி போனால் மறுபடி பஸ்தான், பாப்பா யார் வீட்டிலோதான். அது தெரிந்தும் மூளை நகரமாட்டேன் என்றது. வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

சிக்கிய சிங்கம்

கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் தோஸ்துகள் பேனர் வைத்தே ஆகவேண்டும். வாழ்த்து பாதி, கிண்டல் பாதி. ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் கூட்டமாக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். "செமையா ஒண்ணு போடுக்கா!" எனக்கோ கூச்சம். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்றுகூடக் கேட்க வாய் வராது. பேரையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பழைய பேனரிலிருந்து 'சிங்கம் சிக்கிடுச்சு' என்பதை எடுத்து ஒட்டினேன்.

ஒருத்தர் குனிந்து படித்தார். "போன வாரம் என் கல்யாணத்துக்கும் இதே சிங்கம்தான் சிக்குச்சு. ஒரே சிங்கம் எத்தினி வாட்டிக்கா சிக்கும்?"

வைத்தியம்

பக்கத்து ஜெராக்ஸ் கடை மல்லிகா அக்காவிடம் அழுதேன். சுக்குக் காபி குடி, தலைக்கு எண்ணெய் வை, நாற்காலியைத் திருப்பிப் போடு என்றாள். எல்லாம் செய்தேன். எண்ணெய் வழிந்ததுதான் மிச்சம். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது: "இதுவும் வாந்தி மாதிரிதான்டி. விரலை விட்டா தானா வந்துடும்."

பாயின் போன்

பாய் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். கேட்டால் கவிதை எழுதித் தரும் ஆப். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிற ஒருவருக்கு, அவரோடு வேலை செய்தவர்கள் பேனர் கேட்டிருந்தார்கள். போன் கண்மூடித் திறப்பதற்குள் கொட்டியது: 'மலரின் நறுமணமாய் எங்களோடு மணந்தவரே!'

வாங்க வந்தவர் முகம் மாறிவிட்டது. "காலம் பூரா தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டி நாத்தத்துல நின்னவருக்கு நறுமணமா? கிண்டல் பண்றோம்னு மனுஷன் அழுதுடுவாரு பாய்." எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதையும் பாய் கெடுத்தார். "நீயும் பேஜார், போனும் பேஜார். ஆனா போனு டீ குடிக்க எழுந்து போறதில்லம்மா."

ஐடி கார்டு படம்

மறுநாள் ஒரு பெண் தனியாக வந்தாள். இறந்துபோன அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். கொண்டுவந்த படம் அக்காவின் கம்பெனி ஐடி கார்டு. கூச்சத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. 'மண்ணை விட்டு மறைந்தாலும்' என்று அடித்தேன், அழித்தேன், திரும்ப அடித்தேன். பாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த எரிச்சலில்தான் கூச்சம் போச்சு. "இன்னாதாம்மா பண்ணுவாங்க உங்க அக்கா?" என்று கத்தியேவிட்டேன்.

அவள் பயந்துபோய்ச் சொன்னாள்: கம்பெனித் தையல் லைனில் யார் மிஷினில் நூல் அறுந்தாலும் அக்கா தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து கோத்துக் கொடுக்குமாம். அதையே அடித்தேன். 'நூல் அறுந்தால் ஓடி வருவாயே அக்கா, இனி யாரைக் கூப்பிடுவோம்?' அவள் திரையில் விரலை வைத்துப் படித்தாள். "இது எங்க அக்காதான். வேற யாருக்கும் போட்டுடாதீங்க."

மாமா

அந்தப் பேனர் கம்பெனி கேட் எதிரே நின்றது. அப்புறம் ஆட்கள் என்னைத்தான் தேடி வந்தார்கள். நானும் எல்லாரையும் கேட்க ஆரம்பித்தேன். பாய் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "நீயே உக்காரும்மா" என்றார். நிம்மதி என்று நினைத்தேன். குடியாத்தத்திலிருந்து ஒருவர் வந்து, தன் மாமாவுக்கு அந்த நூல் வாசகமே வேண்டும் என்று அடம்பிடித்தார். உங்கள் மாமாவும் தையலா என்று கேட்டேன். "இல்லம்மா, லாரி ஓட்றாரு. நாளைக்கு அவருக்குப் பொறந்தநாளு."

இப்போது எனக்கு வாசகம் தடையில்லாமல் வருகிறது சகோதரிகளே, வாய் திறந்த கஸ்டமர்தான் கதையை முடித்து எழுந்து போகமாட்டேன் என்கிறார்.