சிவப்பு மைக்காரர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அத்தை, மாமா, நான், திருவாலங்காட்டிலிருந்து வந்திருந்த ஒருவர். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அதனால் இப்போதும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்கு பேர்தான்.

அத்தைக்குத் தொழிற்பேட்டையில் பாட்டில் கம்பெனியில் பேக்கிங் வேலை. வாரம் ஆறு நாள் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்குவாள். மிச்ச நேரத்தில் பத்திரிகை நடத்தினாள். மூன்று மாதத்துக்கு ஒரு இதழ், முந்நூறு பிரதி. கதை, கவிதை, யாராவது வரைந்து அனுப்பிய கோட்டுப்படம். ஆசிரியர், பிழை திருத்துகிறவர், கட்டுக் கட்டுகிறவர் எல்லாம் அவளே. மாமா அதை “எங்க மூத்த புள்ள” என்பார். “மூணு மாசத்துக்கு ஒருக்கா அதுக்கு ஜொரம் வரும், ஊட்டுக்கே அனத்தும்” என்று சொல்லிக்கொண்டே பிரஸ்ஸிலிருந்து கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி வருவதும் அவர்தான். உருக்காலைக் கரித்தூள் வெள்ளை அட்டையில் படியக்கூடாது என்று வந்த உடனே பழைய புடவையால் மூடிவிடுவார்கள். ஈரத் துணியில் கை துடைக்காமல் யாரும் அதைத் தொடக் கூடாது. மாமாவுக்கும் அதே சட்டம்.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் உறை மேல் முகவரி எழுதும் வேலையை அத்தை எனக்குக் கொடுத்தாள். ஒரு நீள நோட்டு. ஒரு வரிக்கு ஒரு ஆள், பெயர், ஊர், பின்கோடு. சிலருக்கு மட்டும் வரிக் கடைசியில் சிவப்பு மையில் சந்தா பாக்கி.

நான் எழுத உட்கார்ந்த அன்று மாமா சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். பழைய அச்சுக்கூலி டப்பு வராமல் அடுத்த இதழுக்குக் கை வைக்க மாட்டேன் என்று பிரஸ்காரர் சொல்லிவிட்டாராம். பத்திரிகை நின்றுவிட்டால் அத்தை என்ன ஆவாள்? நோட்டை ஆரம்பத்திலிருந்து புரட்டினேன். சிவப்பு மைக்காரர்கள் முப்பத்தெட்டு பேர். பணம் தராதவர்களுக்கு எதற்குப் புத்தகம், எதற்கு ஸ்டாம்பு? அவர்களுக்கு மட்டும் நான் உறை எழுதவில்லை. முப்பத்தெட்டு பிரதிகளையும் பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். மிஞ்சிய ஸ்டாம்புகளைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தேன். லீவு முடிந்து போகும்போது அத்தையிடம் கொடுத்து அசத்த வேண்டும் என்பது திட்டம். அத்தை ஷிப்டில் இருந்தாள். மாமா எண்ணிப் பார்க்காமல் கட்டைத் தூக்கிக்கொண்டு போஸ்ட் ஆபீஸ் போனார்.

பத்து நாள் கழித்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் கிளம்பி, மெட்ராஸ் போய் ரயில் மாறி, ஒரு ஆள் வந்து வாசலில் நின்றார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய முதல் கதை அந்த இதழில்தான் வந்திருந்தது. அதற்கு முன்னால் அவர் அனுப்பிய நான்கு கதைகளையும் அத்தை திருப்பி அனுப்பியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் என்ன சரியில்லை என்று கார்டு எழுதி. ஐந்தாவதுதான் தேறியது. கதை வரப்போகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, தபால்காரர் வரும் வழியிலேயே பத்து நாளாக நின்றிருக்கிறார். கடைசியில் திருவள்ளூரில் ஒரு நண்பர் கையில் இதழைப் பார்த்திருக்கிறார். உள்ளே தன் கதை. எல்லாருக்கும் வந்திருக்கிறது, தனக்கு மட்டும் வரவில்லை.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நோட்டுகளைச் சுருட்டிப் பிடித்திருந்த கையை நீட்டினார்.

“மூணு வருச பாக்கி நூத்தி எண்பதும்மா. எண்ணிக்குங்க. பொஸ்தவம் மட்டும் ஒண்ணு குடுங்க, ஊட்ல காட்டணும். இனிமே நான் எதுவும் அனுப்பிக்கினு ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்கல.”

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னவோ சொன்னாள். அவர் நம்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள். நானே போய் பீரோவுக்குப் பின்னாலிருந்து இதழ்களை இழுத்து நடுக்கூடத்தில் போட்டேன்.

“செகப்பு மை போட்டவங்களுக்கு நாந்தான் அத்த எழுதல.”

மாமா தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அந்த ஆள்தான் முதலில் பேசினார்.

“கொயந்தய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அது கணக்கு கரெக்டாத்தான் போட்டுக்குது.”

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. அவர் நீட்டிய பணத்தை வாங்கி, அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள்.

“கதைக்கு நான் ஒரு ரூபா குடுத்தேனாண்ணா? குடுக்கல. அப்ப பாக்கி யாரு வெச்சிருக்கறது, நீங்களா நானா? ஒக்காருங்க. நாஷ்டா பண்ணிட்டு அடுத்த கதையப் பத்திப் பேசலாம்.”

அவர் உட்கார்ந்தார். ஈரத் துணியில் கையை இரண்டு தரம் துடைத்துவிட்டு இதழை எடுத்தார். தன் கதையை விரல் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். அவருக்காகச் சுட்ட தோசை தட்டில் ஆறிப்போனது. போகும்போது அத்தையின் பிரதியையும் சேர்த்து இரண்டு பிரதி கொண்டுபோனார். அடுத்த கதை மழைக்காலத்துக்கு முன்னால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார், வந்தது.

மிச்சம் முப்பத்தேழு உறைகளையும் அன்றைக்கே மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். ஒவ்வொன்றிலும் தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி ஒரு வரி. காரணத்தை எழுத அத்தை விடவில்லை. எல்லாம் முடிந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். என் பெயரை எழுதினாள், எங்கள் ஊர், பின்கோடு. வரிக் கடைசியில் சிவப்பு மையில் அறுபது.

தண்டனை என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் பவுடர் டப்பாவில் காசு சேர்த்து, அடுத்த லீவில் அறுபது ரூபாய் கொண்டுபோய் நீட்டினேன். அத்தை வாங்கவில்லை. “இப்ப இன்னா அவசரம்?” என்றாள். பக்கத்தில் இன்னொரு அறுபதை எழுதினாள். எனக்குத் தூக்கமே போயிற்று, இது எங்கே போய் முடியுமோ என்று.

எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்தினேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, நான் கம்பெனிக்குப் போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அத்தையின் நோட்டில் அடிக்கவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புக் போஸ்டில் என் பெயருக்கு ஒரு உறை வந்தது, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் வைத்துப் படித்தேன். அந்த மூட்டை தூக்குகிறவரின் இன்னொரு கதையைப் படித்தபோதுதான், நானும் இப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. அந்தச் சிவப்பு மையை எதற்காகப் போட்டாள் என்று அன்றைக்கு எனக்கு எங்கே தெரிந்தது.

பத்திரிகை இன்னும் வருகிறது. சந்தா இப்போது இருநூறு, எனக்கு மட்டும் அதே அறுபதைப் போட்டுவருகிறாள். ஒவ்வொரு முறை போகும்போதும், என் பெயரை அடித்திருப்பாளோ என்று பயந்துகொண்டே நோட்டைத் திறக்கிறேன். போன வாரமும் பார்த்தேன். அடிக்கவில்லை. பதினாலு வருட சந்தா, பாக்கி எண்ணூற்று நாற்பது ரூபாய்.