துரைசாணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரப்பர் விலை ஏறிக் கிடந்த சமயம் அது. மலாயாவில், ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்கார துரை பங்களாவில் ஆயாவாக இருந்தேன். துரையின் மூன்று வயது மகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நான்தான். கணவர் இறந்தபின் அண்ணன் குடும்பத்தோடு அதே தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தேன். அண்ணன் அங்கே ரப்பர் மரங்களில் பால்வெட்டு வேலை பார்த்தார்.

ஈப்போவில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்க் கேட்டேன். மாதக் கடைசிக்குள் வரச் சொன்னார்கள். சம்பளமும் அதிகம், தங்க இடமும் உண்டு, பிரசவ வேலையும் கற்றுக்கொள்ளலாம்.

அண்ணிக்குப் பயம். "ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிட்டுப் போயிடு. வேற வேலைக்குப் போறேன்னு சொன்னா, கோவம் ஒங்க அண்ணன் மேல திரும்பும் லா. லயத்து வீடு போச்சுன்னா பிள்ளைங்களோட நாங்க எங்க போறது?"

நியாயமான பயம்தான். இருந்தாலும், கண் விழித்ததும் என்னைத் தேடுகிற பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. மறுநாள் துரையின் மனைவி, துரைசாணியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "இங்கே என்ன குறை?" என்றார்.

"ஒரு குறையும் இல்லை மேம். நர்ஸ் வேலை கத்துக்க ஆசை. வேற ஆள் பழகுற வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை நானே அழைத்து வந்தேன். முதலில் பிள்ளை அவளிடம் போகவே இல்லை; தட்டைத் தள்ளிவிட்டு அழுதது. நான் ஊட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் ஊட்ட நான் உட்கார்ந்தேன். அதுவரை துரைசாணி வேலை சொல்வதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிளம்பும்போது பிள்ளை அவள் மடியில் விளையாடிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத்தானே பாடுபட்டேன்? ஆனாலும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். துரைசாணி வெளியே வரவே இல்லை.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் யாரோ கூப்பிடுவதாக ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். துரையின் கார் நின்றது. பின்சீட்டில் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். அண்ணி அவர் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். முன்சீட்டிலிருந்து துரைசாணி இறங்கினார்.

நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். உடனே அறுவை செய்யணும், இங்கே முடியாது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் கைவிரித்துவிட்டார். துரை ஊரில் இல்லை; தோட்டத்து லாரியும் தெலுக் ஆன்சன் ஊருக்குப் போய்விட்டது. அண்ணி பங்களாவுக்கு ஓடியிருக்கிறார். நான் பழக்கிவிட்ட அந்தப் பெண்தான் கையைப் பிடித்து நேரே துரைசாணி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்.

அறுவை முடிந்து, அண்ணன் பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லும்வரை துரைசாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டேன். "பிள்ளை இன்னும் உன்னைக் கேட்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கடைசிவரை என்மேல் அவருக்கு வருத்தம் இருந்ததோ என்னவோ. ஆனால் அன்று நான் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தால், என் அண்ணி அந்தப் பங்களாப் படியில் கால் வைக்கத் துணிந்திருப்பாரா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.